விரிசலில் ஒட்டிய கண்ணாடி

அந்தப் பலகைமேல், படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கண்ணாடிக்காரனுக்கு இருந்த வயிற்றெரிச்சல் இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை. நீல வண்ணம் அடித்து, வெள்ளை எழுத்தில் எழுதி, இரும்புக் கம்பத்தில் நிறுத்திய பலகை. 'பழைய இரும்பு உலை, பாதுகாக்கப்பட்ட இடம்' என்று தொடங்கி, உலையை எந்தக் காலத்தில் கட்டினார்கள், எவ்வளவு உயரம், எப்போது கடைசியாக அணைந்தது என்றெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் 'அருகில் காணப்படுவது தொழிலாளர் குடியிருப்பின் இடிபாடுகள்' என்று முடித்திருந்தார்கள். அந்த வரியை ஒருவன் ஏணியில் ஏறி எழுதிக்கொண்டிருந்தபோது, அவனுக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில், அந்த இடிபாட்டின் வாசலில் நின்று கண்ணாடிக்காரனின் அக்கா யாருடைய முழுக்கைச் சட்டைக்கோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரன் சும்மா விடுகிற ஆளில்லை. ஏணியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினான்.

"யோவ், எறங்குய்யா. அங்க ஆள் குடியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"எழுதிக் குடுத்தத எழுதறேன் அண்ணே. ஏணிய விடுங்க, விழுந்து தொலைக்கப் போறேன்."

"விழு. உன்னையும் சேத்து இடிபாடுன்னு எழுதிடலாம்."

அக்காதான் வந்து அவன் கையை எடுத்துவிட்டாள். "விடுடா. அவன் என்ன பண்ணுவான் பாவம். துணி குடுக்க வர்றவங்களுக்கு அடையாளம் சொல்லவும் வசதி. இடிபாடு, ஆறாவது கதவுன்னா யாரும் வழி தப்ப மாட்டாங்க."

அக்கா அப்படித்தான். எதையும் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளமாட்டாள். அவளுக்கும் சேர்த்துக் கோபப்படுகிற வேலை தம்பிக்கு.

அவள் அந்த வீட்டு வரிசைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கண்ணாடிக்காரன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் புருஷனுக்குத் தண்ணீர்ப் பம்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்குவதற்குள் விடிந்துவிடும். பிள்ளை இல்லை. ஒருநாள் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர், தம்பி வீட்டோடு போய்விடச் சொன்னார்கள். தம்பி வீடு என்பது கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதில் அவன், அவன் பொண்டாட்டி, இரண்டு பெண்பிள்ளைகள். போதாததற்கு விற்காமல் தங்கிப்போன கண்ணாடிச் சட்டங்களைச் சுவரெல்லாம் சாய்த்து வைத்திருப்பான். தூக்கத்தில் புரண்டால் காலைக் கீறும். அக்கா வந்து வாசலில் நின்று கண்ணாலேயே அளந்து பார்த்தாள்.

"நான் இங்க வந்தா என்னையும் சட்டம் போட்டு ஆணியிலதான்டா மாட்டணும்" என்றாள். காரியமெல்லாம் முடிந்த கையோடு ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கினாள்.

அதற்குப் பிறகு அவளுடைய உலகம் அந்த வரிசைதான். எட்டு வீடு, ஒரே கூரை, ஒரே பின்சுவர். உலையில் இரும்பு உருகும்போது மேலே மிதக்கும் கசடை வழித்து, அச்சில் ஊற்றி ஆறவைத்து அடுக்கிய கல்தான் சுவர் முழுக்க. கருப்பு நிறம், வெயில் பட்டால் பச்சையாக ஒரு பளபளப்பு. ஆணி இறங்காது. முன்பக்கம் ஒரு அறை, பின்னால் ஒரு சமையற்கட்டு, சமையற்கட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மண்மேடு. அந்தக் காலத்தில் கனிமக் கல்லையும் கரியையும் வண்டிகளில் அந்த மேட்டின்மேல் ஏற்றிக்கொண்டு போய் உலையின் வாயில் மேலிருந்து கொட்டுவார்களாம். உலை அணைந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. மேடு அப்படியே நின்றது. அது சரியாமல் தாங்கிக்கொண்டிருந்தது எட்டு வீட்டுக்கும் பொதுவான அந்தப் பின்சுவர்தான்.

அதனால் வரிசைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து சாம்பலைச் சலித்து, சுண்ணாம்போடு பிசைந்து, சுவர் முழுக்கக் கல் இடுக்குகளை விரலால் அழுத்தி அடைப்பார்கள். அடியில் மட்டும் மேட்டுத் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குடைந்து திறந்துவிடுவார்கள். அக்காவின் பெட்டியிலிருந்து தினமும் உதிரும் சாம்பல், வருஷக் கடைசியில் முழு வரிசைக்கும் போதும். "என் சாம்பல்லதான்டி உங்க வீடெல்லாம் நிக்குது" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொள்வாள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி துணிக்கடைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள். பொத்தான்காரி என்றே பெயர் ஆகிவிட்டது. வாயில் ஊசியும் நூலும் இருந்தாலும் பேச்சு நிற்காது. அவளுடைய மகனை, தாய் வேலைக்கு ஓடும் நேரமெல்லாம் அக்காதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு கையால் இஸ்திரி போட்டிருக்கிறாள். வளர்ந்து லாரி ஓட்டப் போன பிறகும் அவன் வீட்டுக்கு வந்தால், "பெரியம்மா, என்ன இருக்கு?" என்று முதலில் அக்காவின் சட்டியைத்தான் திறப்பான்.

பலகை வந்தது, பின்னாலேயே வேலி வந்தது, வேலியோடு சட்டமும் வந்தது. பழைய கட்டடத்தில் புதிய பொருள் எதுவும் சேர்க்கக் கூடாது. சாம்பலும் சுண்ணாம்பும் புதிய பொருள். அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை பிசைந்த கலவையைக் காவலாளி வந்து காலால் தட்டிவிட்டான். ஓட்டைகளைக் குடையவும் கூடாது. வேலிக்குள் நெருப்பு மூட்டக் கூடாது. சமையல் அடுப்பைப் போனால் போகட்டும் என்று விட்டார்கள். கரி மூட்டினால் மட்டும் அபராதம்.

"இரும்பையே காய்ச்சி ஊத்தின எடம்டி இது. இங்க உன் நாலு கங்கு வெச்சாதான் பத்திக்குமாம்" என்று பொத்தான்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா வேலிக்கு வெளியே தெருமுனையில் கரி மூட்டி, கங்கு நிரப்பிய பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி நடப்பாள். பார்க்க வருகிறவர்கள் அதையும் படம் பிடித்தார்கள்.

உலைக்கு அந்தப் பக்கம் மேல்வரிசை என்று இன்னொரு வரிசை இருந்தது. சுவரில் விரிசல் கண்ட இடங்களில், பலகை வைத்த துறைக்காரர்கள் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு வைத்து, இரண்டு முனையையும் வெள்ளை சிமென்டால் ஒட்டிவிட்டுப் போவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அதுதான் கணக்கு. மேல்வரிசையில் ஒன்று உடைந்தது. முட்டுக் கொடுத்துச் சரிபண்ணுகிற வரைக்கும் வெளியே இருங்கள், பிறகு திரும்பி வரலாம் என்று சொல்லி அத்தனை பேரையும் கிளப்பினார்கள். போனவர்கள் போனவர்கள்தான். கதவுகளைக் கழற்றிக் கம்பி வலை அடித்துவிட்டார்கள். வலை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு சுவரில் யாரோ பிள்ளையின் உயரத்தைக் குறித்த கோடுகள் இன்னும் இருக்கின்றன.

அடுத்து அக்காவின் சமையற்கட்டுச் சுவரில் ஒரு கண்ணாடி வந்து ஒட்டியது. அதைப் பார்க்க மாதம் ஒரு முறை அளவுக்காரர் என்று ஒருவர் வருவார். தளர்ந்த ஆள், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். கண்ணாடியைக் குனிந்து பார்த்து, 'அசைவில்லை' என்று எழுதிக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

"உங்க சுவர் மாதிரி எல்லாச் சுவரும் இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்மா" என்றார் ஒருநாள்.

"உடைஞ்சா என்ன பண்ணுவீங்க தம்பி?"

"அன்னைக்கே எல்லாரையும் வெளியேத்தணும். என் கையில எதுவும் இல்லை."

அந்த வார்த்தை அக்காவின் நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது. வெளியேறினால் எங்கே போவது? தம்பியின் அறை உண்டு, கால் வைக்க இடமில்லை. வேறு எங்கே போனாலும் அவளுக்குத் துணி கொடுக்கிற தெரு இது, கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற மனுஷர்கள் இவர்கள். அந்தக் கண்ணாடி உடையக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வருஷ மழையில் உடைந்தது. விடிந்ததும் ஈரச் செருப்போடு தம்பியின் கடைக்கு வந்து நின்றாள்.

"டேய், ஒரு துண்டு கண்ணாடி வெட்டு. ரெண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். மெலிசா."

"எதுக்கு?"

"படத்துக்கு."

"ரெண்டு விரல் அகலத்துக்கு என்ன படம் வெச்சிருக்க? பல்லி படமா?"

"வெட்டுடான்னா வெட்டு."

வைர முனையால் ஒரு கீறு கீறி, மேசை விளிம்பில் வைத்துத் தட்டிக் கொடுத்தான். அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போனபோது சுவரில் அந்தத் துண்டைப் பார்த்தான். தான் வெட்டிய விளிம்பு தனக்குத் தெரியாதா? அவனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"உனக்கென்ன மூளை கொழம்பிப் போச்சா? சுவரு அசையுதுன்னுதானே உடையுது. புதுசு ஒட்டிட்டா சுவரு நின்னுடுமா?"

"சுவரு எப்பவும் அசைஞ்சுகிட்டுத்தான்டா இருக்கு. மழையில வீங்கும், வெயில்ல வத்தும். நாங்க அடைச்சோம், நின்னுச்சு. இப்ப அடைக்கவும் விடமாட்டேங்கறான், உடைஞ்சா போன்னு வேற சொல்றான். நான் என்னதான் பண்றது, நீயே சொல்லு."

பொத்தான்காரி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நல்லா ஒட்டுடி. அது போனா நாங்களும்தானே போகணும். எனக்கும் சேத்து ரெண்டு அப்பு அப்பு" என்றாள். வரிசையில் விஷயம் தெரிந்தது அக்காவுக்கும் பொத்தான்காரிக்கும் மட்டும்தான். மகனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

பிறகு மழைக்கு ஒரு துண்டு என்று ஆயிற்று. பிறகு வெயில் காலத்திலும் கேட்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரன் ஒவ்வொரு தடவையும் கத்துவான், கத்திக்கொண்டே வெட்டுவான். கடையில் கழிவுத் துண்டுகளை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்கத் தொடங்கியதை அவன் பொண்டாட்டி கவனித்தாள். என்ன என்று கேட்டால் எரிந்து விழுந்தான். அளவுக்காரர் மாதம் தவறாமல் வந்தார், குனிந்து பார்த்தார், அசைவில்லை என்று எழுதினார். அவர் தண்ணீர் குடிக்கும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடிப்பாள்.

அந்தக் கடைசி மழை விடாமல் பெய்தது. அடியில் ஓட்டைகள் தூர்ந்துபோய், மேட்டுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றது. அளவுக்காரர் வருகிற நாள் காலையில் அக்கா எழுந்து பார்த்தால் கண்ணாடி இரண்டாகப் பிளந்து தொங்கியது. கைவசம் துண்டு இல்லை. கொடுக்க வேண்டிய துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பொத்தான்காரியைக் கூப்பிட்டாள்.

"அடியே, என் வீட்டுல கொஞ்சம் உக்காரு. நான் துணியக் குடுத்துட்டு அப்படியே தம்பி கடைக்குப் போயிட்டு வந்துடறேன். அந்தாளு சீக்கிரம் வந்துட்டா வாசலோட பேச்சு குடுத்து நிறுத்தி வை. உள்ள விட்டுடாத."

"பேச்சு குடுக்கறதுக்கா எனக்குச் சொல்லிக் குடுக்கணும்? போடி."

கடைக்கு வந்த அக்கா மூச்சு வாங்கினாள். "இந்தத் தடவ கட்டியா வெட்டுடா. மெலிசு தாங்க மாட்டேங்குது."

கண்ணாடிக்காரன் கையில் இருந்த வைரத்தைக் கீழே வைத்தான். "அக்கா. நீ என்ன பேசறேன்னு உனக்குப் புரியுதா? கண்ணாடியா சுவரத் தாங்குது?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துதான் இருந்தது. இருந்தும், "நேரமாச்சு, வெட்டு" என்றாள்.

அலமாரிக் கதவுக்கு வைக்கிற கனமான கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். அவள் தெருமுனையைத் திரும்பியிருக்கமாட்டாள், இடி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இடி இல்லை என்று அவனுக்கு உடனே தெரிந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

ஆறாவது வீட்டின் சமையற்கட்டு இருந்த இடத்தில் மேடு வந்து உட்கார்ந்திருந்தது. சேறும் கருங்கற்களுமாக முன்னறை வரைக்கும் வழிந்து கிடந்தது. ஆட்கள் கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பொத்தான்காரியின் மகன் முழங்கால் சேற்றில் நின்று கல் கல்லாகப் பெயர்த்து எறிந்துகொண்டிருந்தான். அக்கா ஓரமாக நின்றாள். செய்தித்தாள் நனைந்து கிழிந்து, கண்ணாடியின் விளிம்பு உள்ளங்கையில் இறங்கி ரத்தம் சொட்டியது. கண்ணாடிக்காரன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.

பொத்தான்காரியை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரிகள், கதவோரம் விழாமல் நின்ற சுவர்த் துண்டைப் பார்த்தார்கள். விரிசலின் ஓரத்தில் வெள்ளை சிமென்ட் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பி, உருண்டை கட்டியிருந்தது. ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது எங்க வேலை இல்லையே. யார் பண்ணினது?" என்று கேட்டார். அளவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வரிசைக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"நான்தான்" என்றாள் அக்கா. "உடைய உடைய மாத்தினேன்."

பொத்தான்காரியின் மகன்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். பெரியம்மா என்று அவன் கூப்பிடவில்லை.

"சுவரு அசையறது முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்கம்மாவ அங்க உக்காரச் சொன்ன?"

கண்ணாடிக்காரனுக்குப் பொறுக்கவில்லை. "டேய், உங்கம்மாவுக்கும்..." என்று வாயெடுத்தான். அக்கா கட்டுப்போட்ட கையாலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். காயம் திறந்து கட்டு நனைந்தது, பிடி தளரவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"ஆமா. நான்தான் உக்காரச் சொன்னேன்" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கயாவது ஒரு பொந்துலயாவது உசுரோட இருந்திருப்பாளே" என்று சொன்னவன், அடிக்க ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

வரிசை காலியாயிற்று. அக்கா எதைத் தடுக்க அத்தனை கண்ணாடி ஒட்டினாளோ அது ஒரே வாரத்தில் நடந்து முடிந்தது. அளவுக்காரரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. எட்டு வீட்டுக்காரர்களுக்கும் ஊர்க்கோடியில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆளுக்கொரு அறை கொடுத்தார்கள். தனித்தனியாகச் சிதறியிருந்தாலாவது தேவலை என்று கண்ணாடிக்காரன் நினைத்தான். அக்காவுக்கு நாலாவது மாடி, பொத்தான்காரியின் மகனுக்கு இரண்டாவது. ஒரே படிக்கட்டு. எதிரே வருகிறவர்கள் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள்.

துணி யாரும் கொடுக்கவில்லை. தம்பி தன் கடைத்தெருவில் சேகரித்து மூட்டையாகக் கொண்டுவந்து போட்டான். சில மாதம் இஸ்திரி போட்டாள். ஒரு தடவை அவன் வந்தபோது மூட்டை பிரிக்காமலே கிடந்தது. அவள் தன்னுடைய ஒரே ஒரு பழைய போர்வையை மடித்து, தேய்த்து, பிரித்து, மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் கங்கே இல்லை.

அவன் இரண்டாவது மாடியில் நின்று அந்தக் கதவைத் தட்டிவிடலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறான். உன் அம்மாவுக்கும் தெரியும்டா, அவளும்தான் ஒட்டச் சொன்னாள் என்று ஒரே ஒரு வரி. அக்காவுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும். மேலே வந்ததும் அவன் முகத்தைப் பார்த்து, "தட்டலியே?" என்பாள். "இல்ல" என்பான். "அவன்கிட்ட அம்மான்னு மிச்சம் இருக்கறது, அவ ஒண்ணும் அறியாதவங்கற அந்த நெனப்புதான். அதுல போய் நீ கை வெக்காத" என்பாள்.

சாப்பாடு குறைந்தது. ரத்தம் வற்றிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். அவள் அசையவில்லை. கண்ணாடிக்காரன் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான், தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான். காய்ந்த விறகு மாதிரி கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவன் பொண்டாட்டி கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்புவாள். அவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அப்படி ஒரு மத்தியானம், இரண்டு வாய் குடித்துவிட்டுக் கரண்டியை ஒதுக்கினாள்.

"டேய், நான் போயிட்டா வரிசைக்காரங்க யாருக்கும் சொல்லாத."

"வாய மூடிட்டுக் கஞ்சியக் குடி."

"கேளுடா. சொன்னா வந்துடுவாங்க. எனக்குத் தெரியாதா அவங்கள? செத்தவகிட்ட என்ன கோவம்னு வந்து நிப்பாங்க. அந்தப் புள்ளையும் வருவான். வந்து தோள் குடுப்பான்."

"குடுக்கட்டுமே. நீ தூக்கி வளத்த புள்ளதானே?"

"அதான் வேண்டாங்கறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவன் கோவம் நியாயமானது. நான் செத்துட்டேங்கறதுக்காக அவன் அத விட்டுக் குடுக்கக் கூடாது."

கண்ணாடிக்காரன் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தான்.

"நீ, உன் பொண்டாட்டி, வண்டிக்காரன். போதும்" என்றாள். "பகல்ல எடுத்துடு, அவன் லாரிக்குப் போயிருப்பான். ஒருவேள வீட்டுல இருந்தான்னா, ரெண்டாவது மாடி திரும்பற எடத்துல மட்டும் சத்தம் போடாம, மெதுவா எறக்குங்கடா."